ஃபைல் அனுப்பும்போது பெயரும் தேதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கல்யாண ஸ்டூடியோக்கள், டிடிபி கடைகள், இரண்டு மூன்று மொத்த வியாபாரக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கட்டளை கொடுத்து ஃபைல் அனுப்பும் வேலையில் எல்லாரும் தடுக்கி விழுவது பெயரிலும் தேதியிலும்தான். போனில் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

கட்டளைகளையும் போனில் சொல்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். ‘மைனஸ் ஸ்மால் பி’ என்றால் ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி ஸ்மால் லெட்டர் பி. ‘டபுள் மைனஸ்’ என்றால் இரண்டு கழித்தல் குறி, ஒட்டி முழுச் சொல். ஸ்மாலா கேப்பிடலா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள். பாதித் தகராறு அங்கேதான்.

அண்ணே, காப்பி பண்ணினதும் எல்லா ஃபைலுக்கும் இன்னைக்கு தேதி வந்துருச்சு. பழைய தேதி எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை, மூல ஃபைலிலேயே இருக்கிறது. அனுப்பும்போது அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஃபைல் பிறக்கிறது. உள்ளடக்கம் மட்டும் போய்ச் சேர்கிறது. பிறந்த நேரம் இன்றைக்கு என்பதால் இன்றைய தேதி விழுகிறது. பழைய தேதியையும் கூட்டிக்கொண்டு போ என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

வேறு கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்பும் எஸ்சிபி, ஒரே கம்ப்யூட்டருக்குள் காப்பி எடுக்கும் சிபி, இரண்டு கட்டளையிலும் அதற்கு மைனஸ் ஸ்மால் பி. சர்வரோடு இணைந்து ஃபைல் ஏற்றி இறக்கும் எஸ்எஃப்டிபிக்குள் போய் வேலை செய்தால் புட் (ஏற்ற), கெட் (இறக்க) இரண்டுக்கும் அதே மைனஸ் ஸ்மால் பி. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு மாறியதை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க்கில் மைனஸ் ஸ்மால் டி. பெரும்பாலோர் போடும் மைனஸ் ஸ்மால் ஏ-க்குள் அது அடக்கம். விண்டோஸின் காப்பிக் கட்டளையான ரோபோகாப்பி சொல்லாமலே ஃபைல் தேதியைக் காப்பாற்றும்.

எஸ்சிபியில ஸ்மால் பி போட்டு போர்ட் நம்பர் குடுத்தேன். அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது.

போர்ட் என்பது சர்வரின் எந்த வாசல் வழியாக நுழைவது என்ற எண். சர்வருக்குள் நுழையப் போடும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் போர்ட்டுக்கு ஸ்மால் பி. எஸ்சிபியிலும் எஸ்எஃப்டிபியிலும் போர்ட்டுக்குக் கேப்பிடல் பி. நீங்கள் ஸ்மால் பி போட்டு 2222 என்று எழுதியதும், தேதியைக் காக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு, 2222 என்ற பெயரில் ஃபைலைத் தேடியிருக்கிறது. எஸ்சிபிக்கு முன்னால் இருந்த ஆர்சிபி என்ற கட்டளையிலேயே ஸ்மால் பி தேதி காக்கிற வேலைக்குப் போய்விட்டது. எஸ்சிபி அந்தப் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் போடுங்கள்.

ஒரு ஃபைலுக்கு மொத்தம் எத்தனை தேதிதான் இருக்கு?

லினக்ஸில் நாம் பார்க்கிற தேதி எம்டைம், அதாவது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். ஏடைம் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். சிடைம் என்பதை ‘உருவான நேரம்’ என்று நினைப்பவர்கள் ஏராளம். அது அப்படி இல்லை. வீட்டுப் பத்திரத்தை வைத்துச் சொன்னால், பத்திரத்துக்குள் எழுதியிருப்பது மாறினால் எம்டைம். பத்திரம் அப்படியே இருக்க, உறைமேல் எழுதிய பெயரோ பூட்டுச் சாவி வைத்திருக்கும் ஆளோ மாறினால் சிடைம். எம்டைமை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். சிடைமை அப்படி நேரடியாக வைக்க முடியாது. உண்மையான பிறந்த நேரத்தை ஈஎக்ஸ்டி4 போன்ற டிஸ்க் அமைப்புகள் தனியாக வைத்திருக்கின்றன. ‘ஸ்டாட்’ என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும்.

விண்டோஸில் ‘கிரியேட்டட்’ (உருவான தேதி), ‘மாடிஃபைட்’ (திருத்திய தேதி) இரண்டும் தெரியும். காப்பி எடுத்த ஃபைலில், உருவான தேதி திருத்திய தேதிக்குப் பிந்தியதாக இருக்கும். பிள்ளை பிறக்குமுன்னே காது குத்தின கதை மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த டிஸ்க்கில் பிறந்தது இன்று, எழுதப்பட்டது அன்று. அவ்வளவுதான். இனி இந்தப் பக்கத்தில் வெறுமனே ‘தேதி’ என்று சொன்னால் எம்டைம்.

பேரை மாத்தினா தேதி மாறிருமா?

மாறாது. எம்வி கட்டளையால் பெயர் மாற்றினால் ஃபைலின் தேதி அப்படியே இருக்கும். சிடைமும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் தேதியும்தான் மாறும். வேறு டிஸ்க்குக்கு எம்வி செய்தால் உள்ளுக்குள் நடப்பது காப்பியும் அழிப்பும். ஆனாலும் எம்வி தானாகவே தேதியைக் கொண்டுபோக முயலும்.

அனுப்பும்போதே வேற பேர்ல அனுப்ப முடியுமா? அங்க போய் மாத்திக்கணுமா?

அனுப்பும்போதே முடியும். எஸ்சிபி, ஆர்சிங்க், எஸ்எஃப்டிபி புட் எதுவானாலும், சேருமிடத்தில் ஃபோல்டர் பெயரோடு நிறுத்தாமல் புதிய ஃபைல் பெயரையும் எழுதிவிட்டால் அந்தப் பெயரிலேயே போய் உட்காரும். நெட்டிலிருந்து கர்ல் என்ற கட்டளை கொண்டு இறக்கும்போது மைனஸ் ஸ்மால் ஓ போட்டால் நீங்கள் சொல்லும் பெயர், கேப்பிடல் ஓ போட்டால் அந்தப் பக்கத்துப் பெயர். ரோபோகாப்பியில் மட்டும் இது நடக்காது, அதற்குப் பெயர் மாற்றத் தெரியாது.

இதில் ஒரு குழி இருக்கிறது. ‘பேக்கப்’ என்ற ஃபோல்டர் அங்கே இருப்பதாக நினைத்து ஒரே ஒரு ஃபைலை எஸ்சிபியில் அனுப்புகிறீர்கள். ஃபோல்டர் இல்லை. உங்கள் ஃபைலே ‘பேக்கப்’ என்ற பெயரில் போய் நிற்கும். மறுநாள் அடுத்த ஃபைல் அதன் மேலேயே ஏறும். ஒரு கடையில் ஒரு மாதக் கணக்கு இப்படி ஒரே ஃபைலாகச் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ் போடுங்கள். எஸ்சிபி ஃபோல்டர் இல்லையென்றால் எரர் கொடுத்து நிற்கும், ஆர்சிங்க் அந்த ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். இரண்டுமே நமக்கு நல்லது.

பேர்லயே தேதி போடணும். நாள், மாசம், வருஷம்னு போட்டா போதும்ல?

வருஷத்தை முன்னால் போடுங்கள்: 2025-04-14. ஃபைல்களை அடுக்கும் கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாது, இடமிருந்து வலம் எழுத்துகளைத்தான் பார்க்கும். 14-04-2025 என்று போட்டால் எல்லா மாதத்து 14-ம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். வருஷம், மாதம், நாள் என்ற வரிசை 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரத்திலும் இருக்கிறது. மாதத்துக்கும் நாளுக்கும் முன்பூஜ்யம் கட்டாயம். இல்லையென்றால் 10-ம் மாதம் 2-க்கு முன்னால் போய் நிற்கும். சாய்கோடு கூடவே கூடாது, அதை ஃபோல்டர் பிரிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸில் ‘டேட்’ கட்டளைக்குக் கூட்டல் குறி போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் சதவீதக் குறி வைக்க வேண்டும். கேப்பிடல் ஒய் நாலு இலக்க வருஷம், ஸ்மால் எம் மாதம், ஸ்மால் டி நாள், கேப்பிடல் ஹெச் 24 மணிக் கணக்கில் மணி, கேப்பிடல் எம் நிமிஷம், கேப்பிடல் எஸ் செகண்ட். கேப்பிடல் எஃப் மட்டும் போட்டால் வருஷம்-மாதம்-நாள் மொத்தமாக வந்துவிடும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் மாதத்துக்குக் கேப்பிடல் எம் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 47-ம் மாதத்தில் ஒரு பேக்கப். மாதம் 12-க்குள் விழுந்திருந்தால் இன்னும் பல நாள் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கேப்பிடல் ஐ போட்டால் 12 மணிக் கணக்கு. மத்தியானம் 2 மணி ஃபைல், ராத்திரி 2 மணி ஃபைலின் மேல் ஏறிவிடும்.

மணியையும் சேர்த்து நடுவுல ரெண்டு புள்ளி வச்சேன். அந்த பேர்ல சர்வரே இல்லைன்னு சொல்லுது.

கோலன் என்கிற அந்த இரட்டைப் புள்ளிக்கு எஸ்சிபியிலும் ஆர்சிங்க்கிலும் வேறு அர்த்தம். கோலனுக்கு முன்னால் இருப்பது சர்வரின் பெயர், பின்னால் இருப்பது அங்குள்ள பாதை. ‘கணக்கு_10:30’ என்று ஃபைல் பெயர் வைத்தால் ‘கணக்கு_10’ என்ற சர்வரைத் தேடிப் போகும். ஏற்கனவே அப்படிப் பெயர் வைத்தாயிற்று என்றால் முன்னால் ஒரு புள்ளியும் ஸ்லாஷும் போட்டால் இந்த ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்று புரிந்துகொள்ளும். விண்டோஸில் கோலன் உள்ள பெயரே செல்லாது. மணியையும் நிமிஷத்தையும் ஒட்டி 1030 என்று எழுதிவிடுங்கள்.

விண்டோஸ் பேட்ச் ஃபைல்ல தேதி போட்டா என் சிஸ்டத்துல ஒரு மாதிரி, கடையில வேற மாதிரி வருது.

பேட்ச் ஃபைலில், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைலில், இன்றைய தேதியைத் தரும் ‘டேட்’ மாறி அந்தக் கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங்கைப் பார்த்து வடிவத்தை மாற்றிக்கொள்ளும். எத்தனையாவது எழுத்திலிருந்து வெட்டுவது என்று நீங்கள் எழுதிய கணக்கு அடுத்த கம்ப்யூட்டரில் தப்பாகும். ‘டைம்’ மாறியோ காலை 10 மணிக்கு முன்னால் பூஜ்யத்துக்குப் பதிலாக ஒரு வெற்றிடம் விடும். அதனால்தான் அந்த ஸ்கிரிப்ட் மத்தியானம் ஓடுகிறது, காலை 9 மணிக்குக் கவிழ்கிறது.

விண்டோஸிலேயே இருக்கும் இன்னொரு கட்டளை வசதியான பவர்ஷெல்லின் ‘கெட்-டேட்’ கொண்டு ஃபார்மட் கொடுத்து வாங்குங்கள். ரீஜன் தொல்லை இல்லை. ஆனால் ஒன்று: பவர்ஷெல்லில் கேப்பிடல் எம் மாதம், ஸ்மால் எம் நிமிஷம். லினக்ஸுக்கு நேர் தலைகீழ்! இரண்டு பக்கமும் வேலை பார்ப்பவர்கள் இதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கையால ஓட்டினா அருமையா ஓடுது. கிரான்ல போட்டா ஒண்ணுமே நடக்கலை.

கிரான் என்பது நாம் குறித்த மணிக்குக் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி. தேதிக்காகப் போட்ட சதவீதக் குறிதான் காரணம். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால், கட்டளை அதோடு முடிந்தது, மிச்சம் கட்டளைக்குள் ஊட்ட வேண்டிய தகவல் என்று அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட வேண்டும். அதைவிட, எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதிவிட்டுக் கிரானில் அதன் பெயரை மட்டும் கொடுத்தால் நிம்மதி.

சித்திரைத் திருவிழா போட்டோ ராத்திரி ரெண்டு மணிக்கு ஏத்தினோம். எல்லாம் முந்தின நாள் ஃபோல்டர்ல போய் உட்கார்ந்திருக்கு. ஏன் சார்?

இதைக் கேட்டவர் ஒரு ஸ்டூடியோக்காரர். எதிர்சேவை முடிந்து அழகர் தல்லாகுளத்தில் இருக்கும் ராத்திரி முழுக்க எடுத்து, எடுக்க எடுக்க ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். விடியற்காலை ஆற்றில் இறங்கும் படங்களைத் தேடினால் பாதி நேற்றைய ஃபோல்டரில், பாதி இன்றைய ஃபோல்டரில். வாடகைக்கு எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிஷம் முன்னால். நமக்கு ராத்திரி 2 மணி என்றால் சர்வருக்கு முந்தின நாள் இரவு 8.30.

நம் பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும், நள்ளிரவில் இல்லை. யூடிசி சர்வருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு: நம் காலை 5.30-க்குத்தான் அதற்குப் புது நாள் பிறக்கிறது. இப்படிச் சொன்னதும் அந்த ஸ்டூடியோக்காரருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

சரிசெய்ய, ‘டேட்’ கட்டளைக்கு முன்னால் டிஇசட் சமக்குறி ஏசியா/கொல்கத்தா என்று சேர்த்தால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் நம் நேரம் வரும். டிஇசட் கேப்பிடலில், ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்தும் கேப்பிடலில். கிரானின் மணியும் சர்வர் நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு என்று போட்டது நம் காலை 7.30-க்கு ஓடும். ஃபைலின் தேதிக்கு இதனால் பாதிப்பு இல்லை. லினக்ஸ் அதை உள்ளே யூடிசியில்தான் வைத்திருக்கும், காட்டும்போது மட்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். பெயரில் எழுதிய தேதி அப்படித் தன்னை மாற்றிக்கொள்ளாது.

ஆர்சிங்க்னா மாறினதை மட்டும்தானே அனுப்பும்? எனக்கு தினமும் மொத்தத்தையும் அனுப்புதே.

ஆர்சிங்க் ஒரு ஃபைல் மாறியதா என்று பார்ப்பது அளவையும் தேதியையும் வைத்துத்தான். மைனஸ் ஸ்மால் ஆர் மட்டும் போட்டு ஓட்டினால் தேதி போகாது, முதல் கேள்வியில் சொன்ன மாதிரி அந்தப் பக்கம் இன்றைய தேதி விழும். மறுநாள் இரண்டு தேதியும் பொருந்தாது, மறுபடியும் எல்லாவற்றையும் கிளறும். மைனஸ் ஸ்மால் ஏ போடுங்கள், தீர்ந்தது.

ஏ போட்டும் பென் டிரைவுக்கு மட்டும் இப்படி ஆகிறதென்றால் அது ஃபேட் என்ற பழைய டிஸ்க் வடிவ டிரைவாக இருக்கும். ஃபேட் தேதியை 2 செகண்ட் கணக்கில்தான் குறிக்கும். 31-வது செகண்டில் எழுதிய ஃபைலுக்கு அதில் இடமே இல்லை. டபுள் மைனஸ் மாடிஃபை-விண்டோ சமக்குறி 1 என்று கொடுத்தால் ஒரு செகண்ட் முன்பின்னைப் பொறுத்துக்கொள்ளும். ரோபோகாப்பியில் அதே வேலைக்கு ஸ்லாஷ் எஃப்எஃப்டி. ஃபேட் யூடிசியில் எழுதாமல் உள்ளூர் நேரத்தை எழுதுவதால், யூடிசியில் ஓடும் கம்ப்யூட்டரில் செருகினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டுவதும் உண்டு.

ரெண்டு கேமரா, ரெண்டாயிரம் போட்டோ. பேரை எப்போ மாத்தறது, அனுப்பறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

முன்னாடி. பெரும்பாலான கேமராக்கள் ஃபைலுக்கு நாலு இலக்க எண் போடும். 9999 ஆனதும் மறுபடி 0001-லிருந்து தொடங்கும். ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்கள் ஒரே பெயரில் ஃபைல் கொடுப்பது சாதாரணம். அப்படியே ஒரே ஃபோல்டருக்கு எஸ்சிபி செய்தால் முகூர்த்தப் படத்தின் மேல் பந்திப் படம் ஏறி உட்காரும். எஸ்சிபி ஒரு வார்த்தை கேட்காது. எந்தப் பெயர் எதன் மேல் ஏறியது என்று அப்புறம் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நல்ல வழி எக்ஸிஃப்டூல். படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் இருக்கிறது. எத்தனை முறை காப்பி எடுத்தாலும் அது மாறாது. அதை வைத்து வருஷம்-மாதம்-நாள், மணி-நிமிஷம்-செகண்ட் என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கச் சொல்லலாம். ஒரே செகண்டில் நாலு படம் எடுத்திருந்தால் பின்னால் எண் சேர்க்கவும் அதில் வசதி உண்டு. பெயரில் ‘ஏ கேமரா’, ‘பி கேமரா’ என்று ஓர் அடையாளத்தையும் சேருங்கள். மண்டபத்துக்குள் நுழையும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துவிடுங்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் அட்சதை போட்டதாக ஆல்பம் வந்த கதை எனக்குத் தெரியும். ஆல்பம் போட்டவர் மேல் தப்பில்லை, ஒரு கேமரா நாலு நிமிஷம் பிந்தி ஓடியிருக்கிறது. நடந்து முடிந்த பிறகும் ஒரு கேமராவின் எல்லாப் படத்துக்கும் நாலு நிமிஷம் கூட்ட எக்ஸிஃப்டூலால் முடியும்.

பேரை மாத்திட்டு மறுபடி ஆர்சிங்க் ஓட்டினேன். அங்க ரெண்டு ரெண்டா இருக்கு.

ஆர்சிங்க்குக்குப் பெயர் மாற்றம் என்ற சங்கதியே தெரியாது. பழைய பெயர் இங்கே இல்லை, புதிய பெயர் அங்கே இல்லை. அதனால் புதிதாக ஒன்றை அனுப்பும். டபுள் மைனஸ் டிலீட் போட்டிருந்தால் பழையதை அழிக்கும், இல்லையென்றால் இரண்டும் கிடக்கும். சும்மா பெயர் மாற்றியதற்காக 200 ஜிபி மறுபடியும் போகும். டபுள் மைனஸ் ஃபஸ்ஸி என்று ஒன்று இருக்கிறது, ஒத்த ஃபைலைத் தேடி அனுப்பும் அளவைக் குறைக்கப் பார்க்கும். என் பழக்கம் வேறு. இங்கே பெயர் மாற்ற ஓட்டிய அதே ஸ்கிரிப்டை அங்கேயும் ஓட்டிவிட்டு அப்புறம் ஆர்சிங்க். ஓட்டுவதற்கு முன் மைனஸ் ஸ்மால் என், ஸ்மால் வி இரண்டும் போட்டு ஒரு ஒத்திகை. எது போகும், எது அழியும் என்று காட்டும், எதையும் தொடாது.

பிரஸ்ஸுக்கு ஃபைல் ஏறிட்டிருக்கும்போதே அவங்க திறந்துட்டாங்க. பாதிப் பக்கம் இல்லைன்னு சண்டை.

சிவகாசிக்குக் காலண்டர் வேலை அனுப்பும் டிடிபி கடைகளில் ஐப்பசி, கார்த்திகையில் இது வாராவாரம் நடக்கும். ஏறத் தொடங்கியதுமே ஃபைல் பெயர் அந்தப் பக்கம் தெரிந்துவிடும், முழுசாக ஏறியதா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றுங்கள், பெயருக்குப் பின்னால் ‘.பார்ட்’ என்று சேர்த்தால் போதும். முழுசாக ஏறி முடிந்ததும் எஸ்எஃப்டிபியின் ‘ரீநேம்’ கொண்டு உண்மைப் பெயரை வையுங்கள். ஒரே டிஸ்க்குக்குள் பெயர் மாற்றுவது ஒரே மூச்சில் நடப்பது, பாதி மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. ‘.பார்ட்’ உள்ளதைத் தொடாதீர்கள் என்று பிரஸ்ஸில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

பழைய எஃப்டிபியிலும் இது முடியும். 1985-ல் வந்த அதன் தர ஆவணத்திலேயே பெயர் மாற்றத்துக்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ஆர்சிங்க் இதைச் சொல்லாமலே செய்கிறது. புள்ளியில் தொடங்கும் மறைவான பெயரில் ஏற்றி, முடிந்த பிறகுதான் உண்மைப் பெயரை வைக்கும்.

அதே பேர்ல அங்க ஏற்கனவே ஒண்ணு இருந்தா என்ன ஆகும்?

எஸ்சிபி, எஸ்எஃப்டிபி, கர்ல் மூன்றும் சத்தமில்லாமல் மேலே எழுதிவிடும். நெட்டிலிருந்து இறக்கும் இன்னொரு கட்டளையான டபிள்யூகெட் மட்டும் பின்னால் .1, .2 என்று சேர்த்துக்கொண்டே போகும். ஆர்சிங்க்கில் விருப்பம் நம்முடையது: டபுள் மைனஸ் இக்னோர்-எக்ஸிஸ்டிங் போட்டால் இருப்பதைத் தொடாது. டபுள் மைனஸ் பேக்கப் போட்டு, டபுள் மைனஸ் சஃபிக்ஸில் இன்றைய தேதியைக் கொடுத்தால் பழையது தேதி ஒட்டிய பெயரோடு ஒதுங்கி நிற்கும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைக்கும் கடைகளுக்கு இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். மைனஸ் ஸ்மால் யூ, அங்கே புதிய தேதியில் இருப்பதைத் தாண்டிப் போகச் சொல்வது. தேதிகளை ஒழுங்காகக் காப்பாற்றி வந்தவர்கள் மட்டும் அதைத் தொடுங்கள்.

நெட்ல இருந்து இப்பதான் இறக்கினேன். போன வருஷத் தேதி காட்டுது.

டபிள்யூகெட் இறக்கியிருப்பீர்கள். சர்வர் சொல்லும் கடைசித் திருத்தத் தேதியை அது ஃபைலுக்கு வைத்துவிடும். கர்ல் அப்படி வைக்காது, வேண்டுமென்றால் மைனஸ் கேப்பிடல் ஆர்.

தேதி 1970 ஜனவரி 1, காலை 5.30-னு வருது. அப்ப கம்ப்யூட்டரே கிடையாதே!

கம்ப்யூட்டர் இருந்தது, உங்களுடையது இல்லை. யூனிக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து கடந்த செகண்டுகளாக எண்ணுகிறது. தேதி தெரியாமல் எங்கோ பூஜ்யம் எழுதப்பட்டால் அந்த நள்ளிரவு, நம் ஊர் நேரத்தில் காலை 5.30 ஆகத் தெரியும். 1980 ஜனவரி 1 என்று வந்தால் அது டாஸ், ஃபேட், ஸிப் குடும்பத்தின் பூஜ்யம். எது வந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: தேதி வழியில் தொலைந்தது.

தமிழ்லயே ஃபைல் பேர் வைக்கலாமா? லினக்ஸ் சர்வர் ஏத்துக்குமா?

தாராளமாக. ஆனால் நீளத்தைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4-ல் ஒரு பெயருக்கு 255 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். ‘மதுரை’ பார்க்க மூன்று எழுத்து. உள்ளே ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து, ஆக 15 பைட். 85 குறிகளோடு சர்வர் கையை விரித்துவிடும். விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாது, 255 குறி வரை விடும். அங்கே ஒழுங்காக இருந்த ‘இல்லத் திருமண விழா அழைப்பிதழ்’ வகைப் பெயர்கள், இரு வீட்டார் பெயரும் சேர்ந்து நீண்டால், அனுப்பும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நிற்பது இதனால்தான்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’ என்பதன் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர்கள். பழைய மேக் டிஸ்க் வடிவம் எல்லாவற்றையும் பிரித்து எழுதும். அதனால் மேக்கிலிருந்து வந்த ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பது போலத் தெரியலாம். ஆர்சிங்க்கின் டபுள் மைனஸ் ஐகான்வ் இதற்குத்தான். பாமினி எழுத்துருவில் பழகிய கை பெயரையும் பாமினி விசைகளில் தட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும். ஃபைல் பெயருக்கு எழுத்துரு மாற்ற முடியாது.

தேதி ஏற்கனவே போயிருச்சுண்ணே. மீட்க ஏதாவது வழி?

மூலம் இன்னும் இருந்தால் கவலையில்லை. மைனஸ் ஸ்மால் ஏ, ஸ்மால் சி இரண்டும் சேர்த்து ஆர்சிங்க்கை மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பக்கத்து உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் தேதியை மட்டும் திருத்தும். எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருப்பதால் நேரம் எடுக்கும், ராத்திரி ஓட விடுங்கள். ஒன்றிரண்டு ஃபைல் என்றால் டச் கட்டளை: மைனஸ் ஸ்மால் டி போட்டு நாமே தேதி கொடுக்கலாம், மைனஸ் ஸ்மால் ஆர் போட்டால் வேறொரு ஃபைலின் தேதியைப் பார்த்து எழுதும்.

மூலம் இல்லையென்றால் படங்களுக்கு எக்ஸிஃப் இருக்கிறது. அதிலிருந்து ஃபைல் தேதியையும் எக்ஸிஃப்டூல் எழுதிக் கொடுக்கும். பெயரில் தேதி எழுதியிருந்தால் அதைப் பார்த்து டச் கொடுக்கலாம். டார் ஃபைலாகக் கட்டி வைத்த பழைய பேக்கப் எங்காவது கிடந்தால் அதை அவிழ்த்தாலே தேதிகள் உள்ளபடி வரும். ஸிப்பாக இருந்தால் ஃபேட் மாதிரியே உள்ளூர் நேரம், 2 செகண்ட் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

ஆடிட்டர் கேட்கிறார், இந்த பில் ஃபைல் அன்னைக்கே எழுதினதுதான்னு ஃபைல் தேதியைக் காட்டினா போதுமா?

மேலே சொன்ன டச் கட்டளையைப் படித்த பிறகு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் நேர்மையாக மீட்டெடுக்கப் போட்ட அதே கட்டளையால் யாரும் எந்தத் தேதியையும் எழுதலாம். சிடைமைப் பார்க்கலாமே என்பார்கள். காப்பி எடுத்த ஃபைலில் அது காப்பி எடுத்த நாளைத்தான் சொல்லும், கடிகாரத்தையே பின்னால் தள்ளி வைத்து ஓட்டினால் அதுவும் பொய்.

கடைக்காரர்களுக்கு நான் செய்து கொடுப்பது: ஒவ்வொரு நாளும் பேக்கப் முடிந்ததும் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் என்ற நீண்ட எண்ணைக் கணக்கிடும் ‘ஷா256சம்’ ஓட்டி, வருகிற எண்களை ஒரு ஃபைலில் போட்டு, அன்றைக்கே ஆடிட்டருக்கு மின்னஞ்சல். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த தேதி நம் கையில் இல்லாத இடத்தில் பதிவாகியிருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழிலும் இந்த ஹாஷ் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். சான்றிதழை எப்படி நிரப்புவது என்பது வக்கீல் வேலை, அதை என்னிடம் கேட்க வேண்டாம்.